பல்லாரி மலையில் பழைய மாட்டுப்பட்டி

தென் மாவட்டச் சந்தைகளில் பெரிய வெங்காயத்துக்குப் பல்லாரி என்றுதான் பெயர். ‘பல்லாரி கிலோ என்ன விலை?’ என்று கேட்கிறவர்களில் பலருக்கு அது ஓர் ஊரின் பெயர் என்பது தெரியாது. கர்நாடகத்தின் கிழக்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் பெல்லாரிதான் அந்த ஊர். இப்போது அரசுப் பதிவுகளிலும் பல்லாரி என்றே எழுதுகிறார்கள். 1953 வரை சென்னை மாநிலத்தோடு இருந்த மாவட்டம் அது.

வெங்காயத்தால் வந்த பெயர் பிற்காலத்தது. அந்த ஊரை ஒட்டிய மலைகளில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே மாடு வளர்த்து, கொள்ளும் பாசிப்பயறும் விதைத்து வாழ்ந்த மக்கள் இருந்தார்கள். எழுத்து தெரியாத காலம் அது. இரும்பும் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆனாலும் அவர்கள் தங்கள் கணக்கைப் பாறையில் செதுக்கியும், சாணத்தில் குவித்தும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

கரிசல் நடுவே கல் மலை

பெல்லாரி நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் போனால் சங்கனகல்லு. அதை ஒட்டியே குப்கல். சுற்றிலும் கரிசல் நிலம். ஆண்டு மழை சராசரியாக 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். மானாவாரி விவசாயிக்குப் பழகிய பூமி.

இந்தச் சமவெளிக்கு நடுவே, லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியதுபோல உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் குன்றுகள். அவற்றில் பெரியது ஹிரேகுட்டா. கன்னடத்தில் ‘பெரிய குன்று’ என்று பொருள். பக்கத்திலேயே சன்னராசம்மா குன்று.

ஹிரேகுட்டாவை எட்ட நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வெளிர்நிறப் பாறைக்கு நடுவே, கறுப்புக் கரை போட்டதுபோல ஒரு பட்டை மலைமீது ஏறிப் போகிறது. அது டோலரைட் என்ற கறுங்கல். பூமிக்குள் இருந்த நெருப்புக் குழம்பு, பாறையின் வெடிப்பில் ஏறி உறைந்து உருவானது. மிகவும் கடினமான கல், தட்டினால் கூர்மையாகச் சில்லு பெயரும். அந்தக் கறுப்புப் பட்டைதான் இந்த மலையில் மக்களைக் குடியேற வைத்த காரணங்களில் ஒன்று.

மலை உச்சியில் பட்டறை

கறுப்புப் பட்டைக்கு அருகே தரையைப் பார்த்து நடந்தால் காலடியில் எங்கும் கற்சில்லுகள் கிடக்கும். இயற்கையாக உடைந்தவை அல்ல. கோடரி செய்தபோது கழித்துப் போட்ட கழிவு. தச்சுப் பட்டறையில் மரச்சீவல் கிடப்பதுபோல, இங்கே கல் சீவல்.

முதலில் கறுங்கல்லைப் பாளமாகப் பெயர்த்தெடுத்தார்கள். வேறு கல்லைச் சுத்தியலாக வைத்துத் தட்டித் தட்டிக் கோடரி வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு மேடு பள்ளங்களைக் கொத்திச் சமப்படுத்தினார்கள். கடைசியில் பாறைமேல் வைத்துத் தேய்த்து வாய் தீட்டினார்கள். அப்படித் தேய்த்த தடங்கள் இன்னும் பாறையில் நீளக் குழிகளாக இருக்கின்றன. அரிவாள் தீட்டித் தீட்டித் தேய்ந்த கல்லைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. விரலை வைத்தால் வழுவழுவென்று இருக்கும்.

இங்கே கிடக்கும் கழிவின் அளவைப் பார்த்தால், ஒரே ஊரின் தேவைக்குச் செய்த வேலையாகத் தெரியவில்லை. சுற்றுவட்டார ஊர்களுக்கும் கோடரி போயிருக்கிறது என்பதே ஆய்வாளர்கள் முடிவு. காட்டைத் திருத்தி நிலமாக்க, பட்டி அடைக்க மரம் வெட்ட, எல்லாவற்றுக்கும் கோடரி வேண்டும். கொல்லன் பட்டறை இல்லாத காலத்துக் கொல்லன் பட்டறை இது.

இந்த இடத்தை 1872ல் வெளியுலகுக்குச் சொன்னவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1863ல் சென்னைப் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவரும் அவர்தான். ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவர் சேர்த்த கற்கருவிகள் சென்னை அருங்காட்சியகத்துக்கு 1904ல் வந்து சேர்ந்தன. பெல்லாரியில் இந்தக் குன்றுகளுக்காகவே அமைக்கப்பட்டிருக்கும் தொல்லியல் அருங்காட்சியகமும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மலை ஏறுவதற்கு முன்பு அதைப் பார்த்துவிட்டுப் போனால், காலடியில் கிடப்பது இன்னது என்று புரியும்.

பாறையெல்லாம் மாடு

பட்டறையிலிருந்து வடக்கே போகும் கறுங்கல் பாறைகளில்தான் இந்த மலையின் பெரிய செல்வம் இருக்கிறது. காலைச் சாய்வெயிலில் போனால் பளிச்சென்று தெரியும். பாறைக்குப் பாறை மாட்டு உருவங்கள்.

நீண்ட கொம்பு, எடுப்பான திமில், ஒட்டிய வயிறு. ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போகும் மாடுகள், தனியே நிற்கும் காளைகள், இடையில் மனிதர்கள். ஆலம்பாடி, ஹல்லிகார் மாடுகளை வளர்த்தவர்களுக்கு அந்தக் கொம்பின் ஓட்டம் அந்நியமாகப் படாது. மாட்டைத் தினமும் பார்த்தவன் கைதான் இதைச் செய்திருக்க முடியும்.

இவை வண்ணம் தீட்டிய ஓவியங்கள் அல்ல. வெயிலும் மழையும் பட்டு, பாறையின் மேல்தோல் கறுத்திருக்கும். அதைக் கல்லால் கொத்தினால் உள்ளே இருக்கும் வெளிர்நிறம் வெளியே வரும். அப்படிப் புள்ளி புள்ளியாகக் கொத்தி உருவாக்கிய கோட்டுருவங்கள். காலம் போகப் போகக் கொத்திய இடமும் மெல்லக் கறுக்கும். அதனால் அதிகம் கறுத்தது பழையது, வெளுப்பாக இருப்பது பிந்தையது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து வந்தவர்களும் இதே பாறைகளில் தங்கள் பங்குக்குக் கொத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சில உருவங்கள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அங்கே செதுக்க வேண்டுமானால் பாறை விளிம்பில் தொங்கியபடிதான் செதுக்கியிருக்க வேண்டும். பொழுதுபோகாமல் செய்த காரியமாகத் தெரியவில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. இங்கே சில பாறைகளில் கிண்ணம்போன்ற குழிவுகள் இருக்கின்றன. அந்தக் குழிவில் ஒரு கல்லால் தட்டினால் ‘ணங்’ என்று சத்தம் வரும், கோயில் சேகண்டியைத் தட்டியதுபோல. பக்கத்துப் பாறையில் அந்த ஓசை வராது. ஓசை வரும் பாறையைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் மறுபடி மறுபடி தட்டியதால் விழுந்த குழிவுகள் அவை. மாட்டுருவம் செதுக்கிய இடத்திலேயே இந்த ஓசைக் கற்களும் இருப்பதால், இங்கே கூட்டமாகக் கூடி ஏதோ சடங்கோ விழாவோ நடத்தியிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

சாணத்தை ஏன் எரித்தார்கள்?

பெல்லாரியிலிருந்து ஹொசப்பேட்டை போகும் சாலையில் குடதினி என்ற ஊர். அங்கே ஒரு சாம்பல் மேடு உண்டு. குப்கல்லிலும் உண்டு. ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்திலும் உண்டு. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா பகுதிகளில் இப்படி 100க்கும் மேற்பட்ட மேடுகள் கண்டறியப்பட்டிருக்கின்றன.

மக்கள் இதற்குக் கதை வைத்திருக்கிறார்கள். நிம்பாபுரத்து மேடு, ராமன் அம்பில் விழுந்த வாலியை எரித்த சாம்பல் என்பார்கள். குடதினி மேட்டை, பீமன் கையால் மாண்ட அரக்கனின் சாம்பல் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகளும் எரிமலையோ, இரும்பு உருக்கிய கசடோ என்று பலவிதமாகக் குழம்பினார்கள்.

அது மாட்டுச் சாணம். 1960ல் வெளிவந்த ஆய்வில், சாம்பலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, மாடு தின்ற புல்லின் தடயம் அதில் இருப்பதை உறுதி செய்தார் ஃபிரெடரிக் சாய்னர். தெலங்கானாவின் உட்னூரில் 1957ல் அகழாய்வு செய்த ரேமண்ட் ஆல்சின், பட்டியைச் சுற்றி மரங்களை நட்டு அடைத்த குழிகளையும், சாம்பலில் பதிந்து அப்படியே இறுகிப்போன மாட்டுக் குளம்புத் தடங்களையும் கண்டார். மாடுகளை அடைத்த பட்டியில் சாணம் சேரச் சேர, அவ்வப்போது அதற்குத் தீ வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில், தலைமுறைக் கணக்கில். சில இடங்களில் சாணம் உருகிக் கண்ணாடிபோல இறுகும் அளவுக்குச் சூடு ஏறியிருக்கிறது.

ஒரு வண்டி எருவுக்கு ஊரெல்லாம் அலையும் விவசாயி இதைக் கேட்டால் நெஞ்சில் அடித்துக்கொள்வார். மலை மலையாகச் சாணத்தைச் சேர்த்துக் கொளுத்தினார்களா?

ஆல்சின் ஒரு விளக்கம் சொன்னார். தை மாதப் பிறப்பை ஒட்டி மாடுகளைத் தீ தாண்ட வைக்கும் வழக்கம் கர்நாடகத்தில் இன்றும் இருக்கிறது. மாட்டுக்கு நோய் வரக் கூடாது, பட்டி பெருக வேண்டும் என்பது நம்பிக்கை. அதுபோன்ற ஒரு பருவ விழாவில் பட்டிச் சாணத்துக்குத் தீ மூட்டியிருக்கலாம் என்பது அவர் எண்ணம். உண்ணியும் நோயும் தொற்றிய பட்டியைத் தீயால் சுத்தம் செய்திருக்கலாம் என்று கருதுபவர்களும் உண்டு. மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தைக் கழுவி, பழையதைக் கழித்துப் புகை போடும் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு விளக்கமும் ஏற்கும்படியாகவே இருக்கும்.

கருகிய கொள்ளு

இவர்கள் என்ன தின்றார்கள் என்பது எப்படித் தெரியும்? தானியம் மண்ணில் கிடந்தால் மக்கிவிடும். ஆனால், அடுப்பங்கரையில் சிந்திக் கருகிய தானியம் மக்காது. அகழாய்வுக் குழியின் மண்ணை அள்ளித் தண்ணீரில் கரைத்தால், கரியான விதைகள் மேலே மிதக்கும். அதைச் சல்லடையில் அரித்துக் காயவைத்துப் பார்க்கிறார்கள். விதைநேர்த்தியின்போது உப்புத் தண்ணீரில் பதரை மிதக்கவிட்டுப் பிரிக்கிற அதே சூத்திரம்தான்.

சங்கனகல்லுவிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படிக் கிடைத்தவற்றில் முக்கியமானவை நான்கு. கொள்ளு, பாசிப்பயறு, குலசாமை, தினைக்கு உறவான ஒட்டுப்புல் வகை. நான்குமே குறைந்த மழையில் விளைபவை. கோதுமையும் பார்லியும் வெளியிலிருந்து பிற்பாடு வந்து சேர்ந்தவை. தொடக்கத்தில் இந்த மண்ணிலேயே விளைந்ததை எடுத்துப் பழக்கி, பயிராக்கிக்கொண்டார்கள். பயறும் சிறுதானியமும் கலந்த உணவு, பக்கத்தில் மாடு. இன்று இயற்கை விவசாயப் பயிற்சிகளில் சொல்லப்படும் திட்டம் அங்கே வாழ்க்கையாக இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். திருப்பத்தூர் பக்கத்தில் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது, வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளோடு கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. குலசாமையைக் கர்நாடகத்தில் கொரலே என்று சொல்லி, சில மாவட்டங்களில் இன்றும் விதைக்கிறார்கள். 4,000 ஆண்டு கடந்தும் விதை கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மோரியர் வீடுகள்

ஹம்பியைத் தாண்டித் துங்கபத்திரைக்கு வடகரை போனால் கங்காவதி. கர்நாடகத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்த ஊர். வாய்க்கால் பாசனத்தில் பச்சைப்பசேல் என்று நெல் வயல்கள். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் ஹிரேபெணகல். வயலை விட்டு மலையேற வேண்டும். வண்டி போகாது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஏற்றம், நிழலும் குறைவு.

மேலே போனதும் ஓர் ஊருக்குள் நுழைந்ததுபோல இருக்கும். கல் வீடுகள் வரிசை வரிசையாக. மூன்று பக்கம் கற்பலகை, மேலே ஒரே பலகையாக மூடுகல், சிலவற்றில் முன்பக்கப் பலகையில் வட்டமான ஓட்டை. ஆள் உயரத்தைத் தாண்டியவையும் உண்டு, இடுப்பளவு இருப்பவையும் உண்டு. எல்லாம் சேர்த்துச் சுமார் 400.

வீடுபோல இருந்தாலும் இவை இறந்தவர்களுக்கான நினைவிடங்கள். கல்திட்டை என்பது தமிழில் இதற்குப் பெயர். பெல்லாரி மலையில் மாடு செதுக்கியவர்களின் காலத்துக்குப் பிறகு, இரும்பு வந்துவிட்ட காலத்தைச் சேர்ந்தவை. கி.மு. 800 முதல் கி.மு. 200 வரை என்று கணக்கிடுகிறார்கள்.

கல் வெளியூரிலிருந்து வரவில்லை. அந்த மலைப் பாறை வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக உரியும் தன்மை கொண்டது. அந்த அடுக்கையே பெயர்த்துப் பலகையாக எடுத்திருக்கிறார்கள். கல் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, அது குளமாகிவிட்டது. சாவுக்குக் கல் எடுத்த இடம், வாழ்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறது.

குளத்தைத் தாண்டி, உயரமான ஒரு பாறைமேல் நகரா வடிவத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. குறுக்களவு இரண்டு மீட்டருக்கு மேல். மரச் சுத்தியலால் அடித்தால் ஓசை ஒரு கிலோமீட்டருக்கு மேல் கேட்கும் என்கிறார்கள். பக்கத்துப் பாறை ஒதுங்கல்களில் மான், மயில், கைகோத்து ஆடும் மனிதர்கள் என்று செந்நிற ஓவியங்கள்.

உள்ளூர் மக்கள் இதை மோரியர் மலை என்கிறார்கள். மோரியர் என்ற குள்ள மனிதர்கள் கட்டிய வீடு என்பது கதை. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் இதேபோல ஒரு குன்று நிறையக் கல்திட்டைகள் இருக்கின்றன. அங்கேயும் மோரல் பாறை என்றுதான் பெயர். மொழி மாறினாலும் கதை மாறவில்லை.

ஒரு மூடுகல்லைத் தூக்கி வைக்க ஒரு குடும்பம் போதாது. ஊர் கூட வேண்டும். கூடியவர்களுக்குச் சோறு போட விளைச்சல் வேண்டும். அறுப்பு முடிந்து களத்தில் தானியம் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். அப்படிப் பார்த்தால், ஒவ்வொரு கல்திட்டையும் ஒரு நல்ல விளைச்சலின் அடையாளம்.

ஜல்லியாகும் மலை

ஹிரேபெணகல் 1955 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னம். 2021ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்திருக்கிறது. குப்கல் பாறைகளுக்கு நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. அங்கே கல் உடைக்கும் வேலையால் மலையின் சில பகுதிகள் சேதமாகிவிட்டன என்று 2004ல் வெளியான ஆய்விலேயே எச்சரித்திருந்தார்கள். 4,000 ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய காளை, வெடி வைத்தால் ஒரு நொடியில் ஜல்லி.

இதில் கல் உடைக்கிற கூலியாளைக் குறை சொல்லிப் பயனில்லை. மழை பொய்த்த வருடத்தில் மானாவாரிக்காரர் குடும்பம் கல்குவாரிக்குப் போகாமல் எங்கே போகும்? ஆனால், உடைந்த பாறை மறுபடி ஒட்டாது. எந்தப் பாறையில் என்ன இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கே முதலில் தெரியும். ஆடு மாடு மேய்க்கிறவர் கண்ணில் படாத பாறை எந்த மலையிலும் கிடையாது.

நம் நிலத்தில் தட்டுப்பட்டால்?

கொங்குப் பகுதியிலும், புதுக்கோட்டை, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலும் வயலோரத்தில் வட்டமாக நட்ட கற்களைப் பலர் பார்த்திருப்பார்கள். கிணறு வெட்டும்போது முதுமக்கள் தாழி தட்டுப்படுவதும் நடக்கிறது. சொன்னால் நிலம் போய்விடும் என்று பயந்து, டிராக்டரை விட்டு நிரவிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியவை:

• தாழியோ, கல் அறையோ தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் தோண்டுவதை நிறுத்துங்கள். உள்ளே தங்கம் இருக்கும் என்று கிளற வேண்டாம். பெரும்பாலும் கிடைப்பது எலும்பு, பானை, இரும்புத் துண்டு, மணி. இருந்த இடத்தில் இருந்தால்தான் அவற்றிலிருந்து காலத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

• கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். மண்ணில் புதைந்த மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. மறைத்தால் குற்றம். பொருளை அரசு எடுத்துக்கொண்டால் உரியவருக்குத் தொகை கொடுக்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

• அகழாய்வு என்றாலே நிலம் போய்விடும் என்று பொருள் இல்லை. கீழடியில் பல குழிகள் தனியார் தோப்புகளில், உரிமையாளர் ஒப்புதலோடு தோண்டப்பட்டவைதான்.

• மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம், குவாரி கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். உங்கள் நிலம் அதற்குள் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கிணறு, மோட்டார் அறை வேலையைத் தொடங்குங்கள்.

போகிறவர்களுக்கு

சென்னை–மும்பை ரயில் பாதையில் குண்டக்கல் சந்திப்பில் இறங்கினால், பெல்லாரி சுமார் 50 கிலோமீட்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். வெயிலுக்கு முன்பே ஏறிவிட வேண்டும், தண்ணீர் கையில் இருக்க வேண்டும். பாறை உருவங்களைச் சுண்ணாம்பால் வரைந்து பார்ப்பதோ, ஓசைக் கற்களை ஓங்கி அடிப்பதோ வேண்டாம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், புறப்படும் முன் ஒரு பிடி கொள்ளை மடியில் கட்டிக்கொண்டு போகலாம். உச்சியில் உட்கார்ந்து, இதைத்தான் இவர்களும் விதைத்தார்கள் என்று காட்டினால் போதும். மீதிப் பாடத்தைப் பாறை சொல்லிவிடும்.